அழிய மறுத்த கோப்புறை

சென்ற ஆடித் திங்களில் ஒரு நாள் மாலை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கிணத்துக்கடவின் தென்னந்தோப்புகளை உலுக்கிக் கொண்டிருந்தது. தக்காளிச் சந்தையில் அன்றைய வேலையை முடித்துக்கொண்டு வந்த ஒரு தாய், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தவாறு நமது பங்கு அலுவலகத்தின் வாயிலில் நின்றார். உள்ளே வந்து அமருமாறு சொன்னோம். வந்தார், ஆனால் அமரவில்லை.

"சாமி, லாக்டவுன் சமயத்துல எங்க வூட்டு நெலமையெல்லாம் எழுதி வாங்கினீங்களே, அந்தக் காயிதம் இன்னும் இங்க இருக்குதுங்களா?"

"இருக்கிறது அம்மா. ஏன் கேட்கிறீர்கள்?" என்றோம்.

"புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கறமுங்க. அவங்கப்பா குடிச்சது, நான் கந்து வட்டிக்கு வாங்குனது, அல்லாத்தையும் நானே வாய் தொறந்து சொன்னனுங்க. அப்ப பசி, சொல்லிப்போட்டனுங்க. இப்ப அதை அழிச்சுப் போடுங்க சாமி."

அன்பார்ந்த வாசகர்களே, இதைவிட எளிய வேண்டுகோள் ஒன்று இருக்க முடியுமா? "இன்றே அழித்து விடுகிறோம்" என்று வாக்குக் கொடுத்து அவரை அனுப்பி வைத்தோம். அந்த வாக்கை நிறைவேற்றுவதற்குள் நாம் பட்ட பாட்டையும், அதிலே கற்றுக்கொண்ட பாடத்தையும்தான் இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. சந்தை முடங்கிற்று; கூலி நின்றது. நமது பங்கில் அரிசியும் பருப்பும் வழங்க முற்பட்டபோது, தொண்டர்களாகிய இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று ஆதார் அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றின் படிகளையும், குடும்பத்தின் நிலையைக் குறித்த ஒரு தாளையும் பெற்று வந்தனர். "கடன் உண்டா? வேலையற்றோர் எத்துணைப் பேர்? குடிப்பழக்கம் உண்டா?" என்றெல்லாம் அத்தாளில் வினாக்கள் இருந்தன. அவற்றை எழுதியவர் வேறு யாருமல்லர், நாமே. அனைத்தையும் படமெடுத்து, வெளியே இணைக்கும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் சேர்த்து வைத்தோம். பிறகு மறந்தும் போனோம்.

இளைஞர்கள் 'ஃபோல்டர்' என்று சொல்வதைத்தான் கோப்புறை என்கிறோம். வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் சிறு பெட்டிகளை அடுக்கி, அவற்றுக்குள் தாள்களை வைப்பதைப் போன்றதே அது. நிவாரணம் பெற்ற காலம் கழிந்துவிட்டமையால், ஒரு குடும்பத்தின் தாளை மட்டுமன்று, அக்கோப்புறை முழுவதையுமே அழித்துவிடுவது என்று முடிவு செய்தோம். பொறியியற் கல்லூரியில் கணிப்பொறிக் கல்வி பயிலும் நம் பங்கு இளைஞர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம். அழிக்கும் பொத்தானை அழுத்தினோம். "இக்கோப்புறை வேறொரு செயலியில் திறந்திருக்கிறது; அழிக்க இயலாது" என்று பதில் வந்தது.

"யார் திறந்து வைத்திருப்பது? இந்த அறையில் நாம் இருவர்தாமே இருக்கிறோம்?" என்றோம்.

இளைஞர் சிரித்தார். "சாமி, மனிதர் திறக்க வேண்டுமென்பதில்லை. ஏதாவது ஒரு செயலி உள்ளே கை வைத்திருந்தாலும் விண்டோஸ் அழிக்க விடாதுங்க" என்றார்.

அவர் விளக்கியது இது. ஒரு செயலி ஒரு கோப்பைத் திறக்கும்போது, அதன் மேல் ஒரு பிடியை இயக்குதளத்திடமிருந்து பெற்றுக்கொள்கிறது. ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் நூலை அவர் கையிலிருந்து பறித்து எரிக்கலாகாது என்பது போன்ற ஒழுங்கு அது. பிடி விடுபடும் வரை விண்டோஸ் பொதுவாக அழிக்க ஒப்புவதில்லை. லினக்ஸ் முதலான யூனிக்ஸ் வழி இயக்குதளங்களிலோ ஒழுங்கு வேறு: அங்கே பெயர் உடனே பட்டியலிலிருந்து நீங்கிவிடும், படித்துக்கொண்டிருப்பவர் படித்து முடித்த பின்னர் உள்ளடக்கத்தின் இடம் விடுவிக்கப்படும்.

பிடித்திருப்பவர் யார் என்று கண்டறிய விண்டோஸிலேயே ஒரு கருவி உண்டு. 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று அதற்குப் பெயர். அதில் சி.பி.யூ. என்னும் பகுதிக்குச் சென்று, அங்குள்ள தேடல் கட்டத்தில் கோப்புறையின் பெயரில் ஒரு பகுதியைத் தட்டினால், அதைப் பற்றிக்கொண்டிருக்கும் செயலியின் பெயர் தெரியும். நம் வழக்கில் அது ஸ்கேனருடன் வந்த ஒரு சிறு செயலி. காலையில் ஏதோ சான்றிதழைப் படியெடுத்த பின் மூடாமல் விட்டிருந்தோம். மூடினோம். வீட்டில் இருப்போர் இத்துணைத் தேடவும் வேண்டியதில்லை. திறந்துள்ளவற்றை எல்லாம் மூடிவிட்டு, கணிப்பொறியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினாலே பெரும்பாலான பிடிகள் விடுபட்டுவிடும்.

மீண்டும் பொத்தானை அழுத்தினோம். பெரும்பகுதி மறைந்தது. ஆயினும் சில கோப்புறைகள் அசையவில்லை. இம்முறை, "பெயர் மிக நீளம்" என்றொரு புதுக் காரணம்!

இங்கேதான் தமிழராகிய நாம் தனியே அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விண்டோஸில் ஒரு கோப்பின் முழு முகவரியானது, அதாவது தட்டின் எழுத்து முதல் கடைசிப் பெயர் வரை, 260 குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்பது பழைய வரம்பு. 2016-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பொன்றிலிருந்து இவ்வரம்பைத் தளர்த்த வழி இருப்பினும், எல்லாச் செயலிகளும் அதற்கு இணங்குவதில்லை. நம் கண் எண்ணுகிறபடி கணிப்பொறி தமிழை எண்ணுவதில்லை என்பதே இதில் சிக்கல். யூனிகோட் முறையில் 'கி' என்பது ஓர் எழுத்தன்று; ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'த்' என்பதும் தகரமும் புள்ளியுமாக இரண்டு. 'கிணத்துக்கடவு' என்னும் நம் ஊர்ப் பெயரை எழுத்தெண்ணிப் பாருங்கள், எட்டு எழுத்துகள். கணிப்பொறிக்கோ அவை 13. 'அந்தோணியார்' நமக்கு ஆறெழுத்து, அதற்குப் பதினொன்று.

நம் தொண்டர்களோ ஆண்டு, நிவாரணத்தின் பெயர், அன்பியத்தின் பெயர், தெருவின் பெயர், குடும்பத் தலைவரின் பெயர், அவர்தம் தந்தையின் பெயர், தாளின் வகை என்று ஒன்றுக்குள் ஒன்றாக அழகு தமிழில் முழுமுழுப் பெயர்களைச் சூட்டியிருந்தனர். முகவரி 260-ஐத் தாண்டிவிட்டது. அவ்வாறாயின் அதை எழுதத்தான் எப்படி முடிந்தது? எழுதியவர் பயன்படுத்தியது தமிழக அரசு பள்ளி மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய அத்திட்டத்தின் கணினிகளில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் வகை இயக்குதளமும் இடம்பெற்றிருந்தது. லினக்ஸுக்கு இந்த 260 வரம்பு இல்லை. ஆகவே அது தாராளமாக எழுதிவிட்டது. விண்டோஸ் அதை எடுக்க முடியாமல் திணறிற்று.

இதற்கு மருந்து எளியது. மேலேயுள்ள பெரிய கோப்புறைகளின் நீண்ட பெயர்களை மாற்றி, 'க' என்றும் 'ச' என்றும் ஓரெழுத்தாக வைத்துவிட வேண்டும். முகவரி சுருங்கிவிடும், பிறகு அழிக்கலாம். அவ்வாறே செய்தோம். அன்பியங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

எஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் அந்தத் தாயின் தெருவுக்குரிய கோப்புறை! அழிக்கச் சொன்னால், "அப்படி ஒன்று இங்கே இல்லையே" என்றது கணிப்பொறி. கண்ணெதிரே திரையில் இருக்கிறது, இல்லை என்கிறது! பத்து முறை அழுத்தினோம். பத்து முறையும் அதே விடை.

இளைஞர் அதை உற்று நோக்கிவிட்டு, பெயரின் இறுதியில் ஓர் இடைவெளி இருப்பதைக் கண்டுபிடித்தார். தட்டச்சு செய்தவர் கை தவறி ஓர் இடத்தைக் கூடுதலாக விட்டிருக்கிறார். லினக்ஸ் அதையும் பெயரின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டது. விண்டோஸோ, பெயரின் இறுதியிலுள்ள இடைவெளியையும் புள்ளியையும் தானாக வெட்டிவிட்டுத் தேடும் வழக்கமுடையது. வெட்டிய பெயரில் கோப்புறை ஏதும் இல்லை. ஆகவே 'இல்லை' என்கிறது. இனிஷியலை விட்டுவிட்டு அழைத்தால் ரேஷன் கடையில் பதில் சொல்லாத மனிதரைப் போன்ற நிலை!

இதற்கும் வழி உண்டு. 'கமாண்ட் பிராம்ப்ட்' என்னும் கருந்திரையைத் திறந்து, கோப்புறையை நீக்கும் ஆர்.டி. என்ற கட்டளையைத் தட்ட வேண்டும். அதனுடன் முழு முகவரியையும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள், அந்த இறுதி இடைவெளி உட்பட, எழுத வேண்டும். அம்முகவரிக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடுகள், ஒரு வினாக்குறி, மீண்டும் ஒரு பின்சாய்கோடு ஆகியவற்றைச் சேர்த்தால், "நீ எதையும் வெட்டாதே, திருத்தாதே, எழுதியபடியே எடுத்துக்கொள்" என்று விண்டோஸுக்கு ஆணையிட்டதாகும். உள்ளே கோப்புகள் இருப்பின் சாய்கோடும் எஸ் என்ற எழுத்தும் சேர்க்க வேண்டும். ஆனால் எச்சரிக்கை! இக்கட்டளை குப்பைத்தொட்டிக்கு அனுப்பாமல் நேரே நீக்கிவிடும். ஓரெழுத்து பிழையாயின் வேறொன்று போய்விடும். விண்டோஸ் தனக்கென வைத்துள்ள கோப்புறைகளில் இதை ஒருபோதும் செய்து பார்க்கலாகாது.

இவ்விடத்தில் பழைய கதையொன்று நினைவுக்கு வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் மின்னஞ்சலில் ஒரு செய்தி நம் நாடெங்கும் சுற்றிற்று. 'கான்', அதாவது சி-ஓ-என் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளில் எவராலும் கோப்புறை ஒன்றை உருவாக்க முடியாதென்றும், அதைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்றும், பில் கேட்ஸ் அவர்களாலேயே அதற்கு விளக்கம் கூற இயலவில்லை என்றும் அது முழங்கியது. மாணவர் பலர் நம்மிடமே வியந்து கூறியதுண்டு. உண்மையில் அதில் மருமம் ஏதுமில்லை. 1970-களில் கேரி கில்டால் உருவாக்கிய சி.பி.எம். என்னும் இயக்குதளத்தின் வழக்கத்தைப் பின்பற்றி, 1981-ஆம் ஆண்டு வெளிவந்த டாஸ், சில பெயர்களைக் கருவிகளுக்கென ஒதுக்கி வைத்தது. 'கான்' என்றால் விசைப்பலகையும் திரையும்; 'பி.ஆர்.என்.' என்றால் அச்சுப்பொறி. 'நல்' என்றால் போட்டதை எல்லாம் விழுங்கும் வெறுமை. அந்த முதற் பதிப்பில் கோப்புறைகளே கிடையா. 1983-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் வந்தபோது, பழைய செயலிகள் பழுதின்றி இயங்க வேண்டுமென்று அப்பெயர்களை எல்லாக் கோப்புறைகளிலும் விலக்கி வைத்தனர். அவ்வழக்கம் விண்டோஸிலும் தொடர்ந்தது. லினக்ஸ் வழியாகவோ, மேலே கூறிய குறிகளைக் கொண்டோ எவரேனும் அப்பெயரில் ஒன்றை உருவாக்கிவிட்டால், அதுவும் எளிதில் அழியாது. நாம் கூறிய அதே வழியில்தான் நீக்க வேண்டும்.

ஆயிற்று, கடைசிக் கோப்புறையும் மறைந்தது. நிம்மதியாக மூச்சு விட்டோம். அந்தத் தாய்க்குச் சொல்லியனுப்ப எண்ணியபோது, இளைஞர் தயங்கி நின்றார். "சாமி, இன்னும் போகலீங்க" என்றார்.

இணையத்தில் கிடைக்கும் மீட்புச் செயலி ஒன்றை அதே ஹார்டு டிஸ்க்கின் மேல் ஓடவிட்டார். சிறிது நேரத்திற்குள் படங்கள் ஒவ்வொன்றாக மேலெழுந்து வந்தன. அவற்றுள் அந்தத் தாயின் தாளும் ஒன்று. அத்தாளின் ஓரத்தில் 'கந்து வட்டி' என்று குறித்திருந்த எழுத்து நம் கையெழுத்தே! அதைக் கண்டபோது நம் முகம் சிவந்ததை மறைப்பதற்கில்லை.

கணிப்பொறி ஒன்றை அழிக்கும்போது, பட்டியலிலுள்ள அதன் குறிப்பை நீக்கி, அவ்விடத்தை வேறெதற்கும் பயன்படுத்தலாம் என்று அடையாளமிடுகிறது, அவ்வளவே. புத்தகத்தின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு, உள்ளே பக்கத்தை அப்படியே விட்டுவிடுவதை ஒக்கும் இது. புதிதாக எதையேனும் அதன் மேல் எழுதும் வரை பழையது உறங்கிக்கொண்டிருக்கும். 2003-ஆம் ஆண்டு சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பழைய பொருளாக விலைக்கு வந்த 158 ஹார்டு டிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்த முடிவை வெளியிட்டனர். முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை மிகச் சிலவே. கடன் அட்டை எண்கள் ஆயிரக்கணக்கில் அவற்றிலே கிடந்தன.

ஆகவே, அந்த ஹார்டு டிஸ்க்கில் நமக்குத் தேவையான திருவிழாப் படங்களையும் கல்லறைத் தோட்டப் பட்டியலையும் வேறிடத்திற்கு மாற்றிவிட்டு, தட்டு முழுவதையும் 'ஃபார்மேட்' செய்தோம். இதில் விரைவு முறை, முழு முறை என இரண்டுண்டு. விரைவு முறை பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். முழு முறையோ, விண்டோஸ் விஸ்டா காலந்தொட்டு, தட்டெங்கும் சுழியங்களை எழுதிவிடும். நாம் செய்தது முழு முறை. இரவு முழுவதும் ஓடிற்று. காலையில் மீட்புச் செயலியை மீண்டும் ஓடவிட்டோம். ஒன்றும் வரவில்லை. கைப்பேசியைப் பொறுத்தமட்டில், இக்காலத்தவை பெரும்பாலும் தகவலை மறையாக்கம் செய்தே வைத்திருப்பதால், விற்கும் முன்னர் 'ஃபாக்டரி ரீசெட்' செய்துவிடுதல் போதுமான காப்பாகும்.

அழிக்கலாகாதவையும் உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகளை ஒவ்வொரு பங்கும் பேணிக் காக்க வேண்டுமென 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 535-ஆம் எண்ணில் கட்டளையிடுகிறது. ஆனால் பசிக்கு அரிசி கொடுத்தபோது கேட்டு எழுதிய கண்ணீர்க் கதை அவ்வகைப் பதிவேடு அன்று. 2023-ஆம் ஆண்டு நம் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பெற்ற நோக்கம் முடிந்தபின் தகவலை அழித்துவிட வேண்டும் என்னும் நெறியையே வகுத்துள்ளது.

ஹார்டு டிஸ்க் தூய்மையாயிற்று. கதை முடிந்ததா? இல்லை. அன்று படமெடுத்தவை தொண்டர்களின் கைப்பேசிகள் அல்லவா? வாட்ஸ்அப் குழுவொன்றில் அவற்றைப் பகிர்ந்துகொண்டதும் நினைவுக்கு வந்தது. அனுப்பியதை எல்லாரிடத்திலிருந்தும் நீக்கும் வசதி, அனுப்பி ஏறத்தாழ இரண்டு நாள்கள் வரைதான். ஆகவே தொண்டர்கள் அறுவரையும் ஒவ்வொருவராகச் சந்தித்தோம். ஐவர் நம் கண்ணெதிரே அழித்தனர். ஆறாமவர் தலையைச் சொறிந்தார். அந்தக் கைப்பேசியை அவர் பொள்ளாச்சியில் ஒரு கடையில் விற்று இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். துடைத்துவிட்டு விற்றாரா என்று கேட்டோம். "நெனப்பில்லீங்க சாமி" என்றார்.

எந்தக் கட்டளைக்கும் அடங்காத கோப்புறை அதுவே என்று அப்போதுதான் உணர்ந்தோம். செயலியின் பிடியை விடுவிக்கலாம். நீண்ட பெயரைச் சுருக்கலாம். இடைவெளியையும் சேர்த்து அழைக்கலாம். பிறர் கைக்குச் சென்றுவிட்ட படியை எப்படி அழைப்பது?

மறுநாள் மாலை அந்தத் தாயின் வீட்டுக்கே சென்றோம். "எல்லாம் அழிந்தது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவர் நம்பியும் இருப்பார். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொன்னோம். நம் கையிலிருந்தது போய்விட்டது. தொண்டர் ஐவரிடமிருந்ததும் போய்விட்டது. ஒரு கைப்பேசியைப் பற்றி மட்டும் நம்மால் உறுதி கூற இயலாது. மன்னிக்க வேண்டும் என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. அடுப்பில் பொங்கிய பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"அரிசி குடுத்தது பெரிய ஒத்தாசைங்க சாமி, அதை மறக்க மாட்டனுங்க. ஆனா இன்னொருக்கா அப்பிடியொரு காலம் வந்தா, அரிசிய மட்டும் குடுங்க. எதுக்குங்க எழுதி வெக்கறீங்க?"

இதற்கு நம்மிடம் விடையில்லை. அடுத்த ஞாயிறன்று பங்குப் பேரவையைக் கூட்டி ஒரு முடிவெடுத்தோம். இனி உதவி வழங்குகையில் கணக்குக்குத் தேவையான பெயரும், பொருளின் அளவும், கையொப்பமும் மட்டுமே எழுதப்படும். அட்டைகளைப் பார்க்க நேர்ந்தால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்போம், படமெடுக்க மாட்டோம். குடும்பத்தின் துயரை யாரேனும் சொன்னால் செவியால் கேட்போம். தாளில் ஏற்ற மாட்டோம்.

வாசகர்களே, உங்கள் வீட்டுக் கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் இத்தகைய கோப்புறைகள் எத்தனை உறங்குகின்றனவோ! உறவினர் அவசரத்துக்கு அனுப்பிய ஆதார் படி, அண்டை வீட்டாரின் மருத்துவச் சீட்டு, யாரோ நம்பிக் கொடுத்த வங்கிப் புத்தகத்தின் படம் ஆகியவற்றை இன்றிரவே ஒருமுறை தேடிப் பாருங்கள். அழிய மறுப்பவற்றுக்கு மேலே கூறிய வழிகள் உதவும். ஆனால் நாளை எவரேனும் உங்களிடம் தம் குடும்ப நிலையைச் சொல்லும்போது, கைப்பேசியை எடுக்கும் முன்னர், கிணத்துக்கடவுச் சந்தையில் தக்காளி பிரிக்கும் அந்தத் தாயின் கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள்.